ஷேர்பாயிண்ட் வெப் பார்ட் வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழிமுறை

ஷேர்பாயிண்ட் ஃப்ரேம்வொர்க்கில், சுருக்கமாக எஸ்பிஎஃப்எக்ஸில், வெப் பார்ட் (ஷேர்பாயிண்ட் பக்கத்தில் வைக்கும் சிறு செயலித் துண்டு) எழுதப் பழகுகிறவர்களுக்கு வரும் பழுதுகளில் பெரும்பாலானவை அவர்கள் எழுதிய கோடில் இருப்பதில்லை. கணினியில் இருக்கும் நோட் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) பதிப்பு, பிரவுசர் நம்பாத சான்றிதழ், தப்பாகக் கட்டிய பேக்கேஜ், அட்மின் தராத ஒப்புதல் ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அது தெரியாமல் கோடில் கை வைத்தால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பகுதியும் கெட்டுப்போகும். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று உறுதியாகும் வரை கோடைத் தொடாதீர்கள்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்கள் எளிதில் தீர்வதிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசையாக உள்ளன. புலப் பெயர்கள் படிக்க வசதியாகப் பிரித்து எழுதப்பட்டுள்ளன. கோப்பில் அவை ஒரே சொல்லாகச் சேர்ந்திருக்கும்.

எதற்கும் முன் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள். ஒன்று, ப்ராஜெக்ட்டின் எஸ்பிஎஃப்எக்ஸ் பதிப்பு, பேக்கேஜ்.ஜேசனில் எஸ்பி-கோர்-லைப்ரரி வரியில் இருக்கும். இரண்டு, 'நோட் -வி' தரும் எண். மூன்று, எஃப்12 அழுத்தினால் கன்சோலிலும் நெட்வொர்க் டேபிலும் முதலில் தெரியும் சிவப்பு வரி. கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். முதல் பிழை இழுத்துவிட்டவைதான் பெரும்பாலும் பின்னால் வரும் வரிகள்.

## அறிகுறி 1: கட்டளையே ஓடவில்லை

### 'நோட் பதிப்பு தேவைக்குப் பொருந்தவில்லை' என்று நிற்கிறது

எஸ்பிஎஃப்எக்ஸின் ஒவ்வொரு பதிப்பும் குறிப்பிட்ட நோட் பதிப்பைத்தான் ஏற்கும். 1.14க்கு நோட் 12 அல்லது 14. 1.16, 1.17க்கு 16. 1.18க்கு 16 அல்லது 18. 1.19, 1.20க்கு 18. 1.21 முதல் 22. புதிய நோட் இருந்தால் பழையதும் ஓடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பழைய நோட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட வேண்டியதில்லை. என்விஎம் (நோட் பதிப்புகளை மாற்றித் தரும் கருவி) நிறுவி, ப்ராஜெக்ட்டுக்கு ஏற்ப 'என்விஎம் யூஸ்' கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை நீக்கிவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' மறுபடி ஓட்டுங்கள். இதை விட்டுவிட்டால் பழைய நோட்டுக்காகக் கட்டிய துணுக்குகள் உள்ளேயே தங்கி, புரியாத வேறு பிழைகளைக் கிளப்பும். என்விஎம்மில் ஒவ்வொரு நோட் பதிப்புக்கும் குளோபல் நிறுவல்கள் தனித்தனி. 18க்கு மாறியதும் 'கல்ப் கண்டறியப்படவில்லை' என்று வந்தால், கல்பையும் (ப்ராஜெக்ட்டைக் கட்டும் கருவி) யோமனையும் (புதிய ப்ராஜெக்ட்டை உருவாக்கும் கருவி) அந்தப் பதிப்பில் இன்னொரு முறை நிறுவ வேண்டும்.

எங்கே இடிக்கிறது என்றே தெரியாவிட்டால் சிஎல்ஐ ஃபார் மைக்ரோசாஃப்ட் 365 என்ற இலவசக் கருவியை நிறுவி, ப்ராஜெக்ட் கோப்புறையிலிருந்து 'எம்365 எஸ்பிஎஃப்எக்ஸ் டாக்டர்' கொடுங்கள். எந்தக் கருவி பொருந்தவில்லை, எந்தப் பதிப்பை நிறுவ வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும். புதிதாகக் கற்பவர் முதல் நாளே நிறுவ வேண்டிய கருவி இது.

இணையப் பாடம் கல்ப் கட்டளைகளைச் சொல்ல, உங்கள் ப்ராஜெக்ட்டில் கல்ப் கோப்பே இல்லையா? 1.22 முதல் கல்புக்குப் பதில் ஹெஃப்ட் வந்துவிட்டது. கீழே '--ஷிப்' என்று வரும் இடங்களில் ஹெஃப்ட்டில் '--புரொடக்‌ஷன்' என்று கொள்ளுங்கள்.

### 'ஸ்கிரிப்ட் ஓட்டுவது தடுக்கப்பட்டுள்ளது'

இது விண்டோஸ் பவர்ஷெல்லின் கட்டுப்பாடு. சாதாரண கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓட்டினாலே போதும். பவர்ஷெல்தான் வேண்டுமென்றால் எக்ஸிக்யூஷன் பாலிசியை உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் ரிமோட் சைன்டு என மாற்றுங்கள். அலுவலகக் கணினியில் அது குரூப் பாலிசியால் பூட்டப்பட்டிருந்தால் ஐடி குழுவைக் கேட்பதுதான் வழி.

### என்பிஎம் இன்ஸ்டால் பாதியில் அறுந்துபோகிறது

முதலில் கோப்புறையின் இடத்தைப் பாருங்கள். ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஆகியவற்றுக்குள் ப்ராஜெக்ட் வைக்கக் கூடாது. பல்லாயிரம் சிறு கோப்புகளை ஒன்டிரைவ் ஒன்றொன்றாகப் பூட்டும். விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பும் அங்கே சீக்கிரம் தீர்ந்துவிடும். சி டிரைவில் நேரடியாக ஒரு குட்டிப் பெயர்க் கோப்புறை போதும்.

'செல்ஃப் சைன்டு சர்டிஃபிகேட்' என்று வந்தால், அலுவலக ஃபயர்வால் இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கிறது என்று அர்த்தம். சான்றிதழ் சோதனையை மொத்தமாக அணைக்கும்படி சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். யார் அனுப்பும் பேக்கேஜையும் கணினி கேள்வியில்லாமல் ஏற்கத் தொடங்கிவிடும். நெட்வொர்க் குழுவிடம் நிறுவனத்தின் ரூட் சான்றிதழ்க் கோப்பை வாங்கி, 'நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்' என்ற சூழல் மாறியில் அதன் பாதையைக் கொடுங்கள்.

### போர்ட் 4321 ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது

முந்தைய சர்வ் (கோடை உங்கள் கணினியிலிருந்தே பிரவுசருக்குத் தரும் கட்டளை) சரியாக நிற்கவில்லை. 'நெட்ஸ்டாட் -ஏனோ' மூலம் 4321ஐப் பிடித்திருக்கும் ப்ராசஸ் எண்ணைக் கண்டு டாஸ்க் மேனேஜரில் முடியுங்கள். டெர்மினல் சாளரத்தை மூடுவதற்கு முன் கன்ட்ரோல்-சி அழுத்தினால் இது திரும்ப வராது.

## அறிகுறி 2: சர்வ் ஓடுகிறது, வொர்க்பெஞ்சில் வெப் பார்ட்டைக் காணோம்

வெப் பார்ட்டைச் சோதிக்கும் பக்கம்தான் வொர்க்பெஞ்ச். கணினியிலேயே திறக்கும் வொர்க்பெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தால் விடுங்கள், 1.13இலேயே அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஷேர்பாயிண்ட் தளத்தில் உள்ள வொர்க்பெஞ்ச் பக்கத்தில்தான் சோதிக்க முடியும். சர்வ்.ஜேசனில் இனிஷியல் பேஜ் முகவரியில் உங்கள் டெனன்ட் (நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் 365 இடம்) பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

இருந்தும் வரவில்லையென்றால் ஒரே சோதனை போதும். வொர்க்பெஞ்ச் முகவரியின் வாலில் 'டீபக் மேனிஃபெஸ்ட்ஸ் ஃபைல்' என்பதற்குப் பின் வரும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியை மட்டும் வெட்டி, புதிய டேபில் ஒட்டித் திறங்கள்.

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால்: 'கல்ப் ட்ரஸ்ட்-டெவ்-செர்ட்' ஓட்டி, பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள். முன்பு ஓடி இப்போது மறுத்தால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். 'அன்ட்ரஸ்ட்-டெவ்-செர்ட்' கொடுத்துவிட்டு மறுபடி ட்ரஸ்ட் கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொந்தமான சான்றிதழ்ப் பெட்டி உண்டு; ஆகவே பழகும் காலத்தில் எட்ஜ் அல்லது குரோமே வசதி.

எதுவுமே திறக்காவிட்டால்: சர்வ் உண்மையில் ஓடவில்லை. டெர்மினலில் மேலே ஏறிச் சிவப்பு வரியைத் தேடுங்கள்.

கோப்பு திறந்தும் வொர்க்பெஞ்ச் காலியாக இருந்தால்: டீபக் ஸ்கிரிப்ட்களை ஏற்றலாமா என்று கேட்ட பெட்டியில் 'வேண்டாம்' அழுத்தியிருப்பீர்கள், டேபை மூடி, முழு முகவரியுடன் புதிதாகத் திறங்கள். அதுவும் இல்லையென்றால் பிரவுசரின் உள்ளூர் நெட்வொர்க் அனுமதியைப் பாருங்கள். புதிய குரோமும் எட்ஜும், இணையத்தில் உள்ள ஒரு தளம் உங்கள் கணினியின் லோக்கல்ஹோஸ்ட்டைத் தொடும்போது அனுமதி கேட்கின்றன. ஒரு முறை மறுத்துவிட்டால் பிறகு சத்தமில்லாமல் தடுக்கும். முகவரிப் பட்டியின் இடது ஓரக் குறியை அழுத்தி, ஷேர்பாயிண்ட் தளத்துக்கு அந்த அனுமதியைத் திறந்துவிடுங்கள்.

## அறிகுறி 3: எனக்கு வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை

பக்கத்தில் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்ற பெட்டி மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும். உங்கள் கணினியில் சர்வை நிறுத்தினால் உங்களுக்கும் அதே பெட்டிதான். '--ஷிப்' இல்லாமல் பேக்கேஜ் கட்டியிருக்கிறீர்கள். அப்படிக் கட்டினால், கோடை லோக்கல்ஹோஸ்ட் 4321இல் தேடு என்றே பேக்கேஜ் சொல்லும். மற்றவரின் கணினியில் அங்கே எதுவும் இல்லை.

உறுதிசெய்வது எளிது. பேக்கேஜாக வரும் எஸ்பிபிகேஜி கோப்பு உண்மையில் ஒரு ஜிப் தான். நகலெடுத்து நீட்டிப்பை ஜிப் என மாற்றித் திறங்கள். உள்ளே 'கிளையன்ட் சைட் அசெட்ஸ்' கோப்புறை இருந்தால் கோடும் கூடவே போகிறது, இல்லையென்றால் போகவில்லை. 'கல்ப் பண்டில் --ஷிப்', பிறகு 'கல்ப் பேக்கேஜ்-சொல்யூஷன் --ஷிப்' என இரண்டிலும் அந்தச் சொல் வேண்டும். ஒன்றில் மட்டும் போடுவதுதான் அதிகம் நடக்கிறது. அப்படியும் கோப்புறை வரவில்லையென்றால் பேக்கேஜ்-சொல்யூஷன்.ஜேசனில் 'இன்க்ளூட் கிளையன்ட் சைட் அசெட்ஸ்' ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள்.

பேக்கேஜ் சரி, சிலருக்கு மட்டும் வரவில்லை என்றால், நெட்வொர்க் டேபில் எந்த முகவரி தடுக்கப்படுகிறது என்று அவர்களின் கணினியில் பார்க்க வேண்டும். வெளி முகவரியிலிருந்து ஏதேனும் ஸ்கிரிப்ட்டை இழுக்கிறீர்களா? ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி 2026 மார்ச்சிலிருந்து கட்டாயமாகும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அட்மின் மையத்தின் நம்பகமான ஸ்கிரிப்ட் மூலங்கள் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வரும் ஸ்கிரிப்ட் அதன்படி தடுக்கப்படும். பட்டியலில் சேர்க்கச் சொல்லி அட்மினிடம் போவதற்கு முன், அந்த லைப்ரரியை என்பிஎம் வழியாகப் பண்டிலுக்குள்ளேயே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும், அதுவே பாதுகாப்பும் கூட.

## அறிகுறி 4: ஏற்றியாயிற்று, வெப் பார்ட் பட்டியலில் இல்லை

ஆப் கேட்டலாக்கில் (பேக்கேஜ்களை ஏற்றும் இடம்) பேக்கேஜின் வரிசையைப் பாருங்கள். 'டிப்ளாய்டு' நெடுவரிசையில் ஆம் என்று இல்லாவிட்டால் பேக்கேஜ் வெறும் கோப்பாகக் கிடக்கிறது. ஆம் என்று இருந்தால் 'ஸ்கிப் ஃபீச்சர் டிப்ளாய்மென்ட்' மதிப்பைப் பாருங்கள். அது ஃபால்ஸ் என்றால் ஒவ்வொரு தளத்திலும் சைட் கன்டென்ட்ஸ் வழியாக ஆப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்து வெப் பார்ட்டின் மேனிஃபெஸ்ட், அதாவது அதன் விவரக் கோப்பு. 'சப்போர்ட்டட் ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் ஷேர்பாயிண்ட் வெப் பார்ட் என்ற மதிப்பு வேண்டும். 'ஹிடன் ஃப்ரம் டூல்பாக்ஸ்' ட்ரூவாக இருக்கக் கூடாது. 'ரிக்கொயர்ஸ் கஸ்டம் ஸ்கிரிப்ட்' ட்ரூவாக இருந்தால், கஸ்டம் ஸ்கிரிப்ட் மூடப்பட்ட தளங்களில் வெப் பார்ட் தெரியாது. இன்று பெரும்பாலான தளங்களில் அது மூடித்தான் இருக்கிறது. தேவையில்லாமல் அதை ட்ரூ ஆக்காதீர்கள்.

பழைய ப்ராஜெக்ட்டை நகலெடுத்துப் பெயர் மட்டும் மாற்றியிருந்தால் பழுது வேறு மாதிரி. ஷேர்பாயிண்ட் பெயரைப் பார்ப்பதில்லை, ஐடியைத்தான் பார்க்கிறது. புதியதை ஏற்றியதும் பழையது மறையும், அல்லது ஏற்றும்போதே பிழை வரும். சொல்யூஷன் ஐடி, ஃபீச்சர் ஐடி, வெப் பார்ட் மேனிஃபெஸ்ட் ஐடி மூன்றையும் புதிதாக உருவாக்கிப் போட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த பழைய வெப் பார்ட் மேல் இப்படி ஏற்றிவிட்டால், பழைய பேக்கேஜைக் கூடுதல் பதிப்பு எண்ணுடன் உடனே திரும்ப ஏற்றுங்கள். பிறகு நகலைச் சரிசெய்யலாம்.

## அறிகுறி 5: புதுப் பதிப்பு ஏற்றியும் பழையதே தெரிகிறது

கன்ட்ரோல்-எஃப்5 முதலில். பிறகு பேக்கேஜ்-சொல்யூஷன்.ஜேசனில் உள்ள நான்கு பகுதிப் பதிப்பு எண், 1.0.0.0 என்பது 1.0.0.1 ஆக, கூடியிருக்கிறதா என்று பாருங்கள். தளம் தளமாகச் சேர்த்த ஆப் என்றால், சைட் கன்டென்ட்ஸில் அதன் விவரப் பக்கம் போய் ஒவ்வொரு தளத்திலும் புதுப்பிக்க வேண்டும்.

மேனிஃபெஸ்ட்டில் இயல்பு மதிப்பை மாற்றிவிட்டு, பக்கத்தில் ஏற்கெனவே வைத்த வெப் பார்ட் மாறவில்லை என்று திகைக்க வேண்டாம். அந்த மதிப்புகள் வைத்த நேரத்திலேயே பக்கத்தில் பதிவாகிவிடும். புதிதாக வைப்பவைதான் புதிய மதிப்பை எடுத்துக்கொள்ளும்.

## அறிகுறி 6: கிராஃப் 401 அல்லது 403 தருகிறது

கிராஃப் என்பது மைக்ரோசாஃப்ட் 365 தகவலைத் தரும் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்கும் வாசல்). எண்ணைப் பார்த்துப் பழுதைப் பிரித்தறியுங்கள். 401 அல்லது 'ஒப்புதல் இல்லை' என்ற பிழை, அனுமதி இன்னும் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்பதைக் காட்டும். 403 என்றால் டோக்கன் (அனுமதிச் சீட்டு) கிடைத்துவிட்டது, அதில் உள்ள அனுமதி போதவில்லை.

401 என்றால்: பேக்கேஜ்-சொல்யூஷன்.ஜேசனில் 'வெப் ஏபிஐ பெர்மிஷன் ரிக்வெஸ்ட்ஸ்' பகுதியில் நீங்கள் எழுதியது வெறும் கோரிக்கை. ஷேர்பாயிண்ட் அட்மின் மையத்தில் 'ஏபிஐ ஆக்சஸ்' பக்கத்தில் அதை ஒருவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். கிராஃபுக்கான ஒப்புதலுக்கு குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும். ஷேர்பாயிண்ட் அட்மின் மட்டும் போதாது. கோரிக்கை அந்தப் பக்கத்தில் தெரியவே இல்லையென்றால், பேக்கேஜைப் பதிப்பு எண் கூட்டி மறுபடி டிப்ளாய் செய்யுங்கள். ஒப்புதல் கிடைத்ததும் தனிச்சாளரத்தில் சோதியுங்கள், இல்லாவிட்டால் பழைய டோக்கனே ஓடிக்கொண்டிருக்கும்.

403 என்றால்: நெட்வொர்க் டேபில் கிராஃப் அழைப்பின் ஆத்தரைசேஷன் ஹெடரில் உள்ள டோக்கனை எடுத்து, மைக்ரோசாஃப்ட்டின் ஜேடபிள்யூடி.எம்எஸ் பக்கத்தில் ஒட்டி, 'எஸ்சிபி' வரியைப் படியுங்கள். நீங்கள் கேட்ட அனுமதி அங்கே இல்லையென்றால் ஒப்புதல் பிரச்சினை. இருந்தும் 403 என்றால், உள்நுழைந்திருக்கும் பயனருக்கே அந்தத் தகவலைப் பார்க்க உரிமை இல்லை. இந்த அனுமதிகள் பயனரின் சொந்த உரிமையைத் தாண்டிப் போகாது. டோக்கனை வேறு எந்தத் தளத்திலும், சாட்டிலும், டிக்கெட்டிலும் ஒட்டாதீர்கள். அது காலாவதியாகும் வரை உங்கள் சாவி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட அனுமதி உங்கள் வெப் பார்ட்டுக்கு மட்டும் உரியதல்ல. அந்த டெனன்ட்டில் ஓடும் எல்லா எஸ்பிஎஃப்எக்ஸ் கோடும் அதைப் பயன்படுத்தலாம். பெயரும் படமும் காட்ட 'யூசர்.ரீட்பேசிக்.ஆல்' போதும் என்றிருக்கையில், எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய எழுதும் அனுமதியைக் கேட்பது சக ஊழியர்கள் எல்லோரின் தகவலையும் திறந்து வைப்பதாகும். அட்மின் மறுத்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

கிராஃப் அல்லாத வேறு ஏபிஐயை அழைக்கும்போது கோர்ஸ் பிழை (வேறு முகவரியின் பதிலைப் பக்கம் படிப்பதைப் பிரவுசர் தடுப்பது) வந்தால், அதைப் பிரவுசர் பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியாது. ஏபிஐ வைத்திருப்பவர் உங்கள் ஷேர்பாயிண்ட் முகவரியை அனுமதிக்க வேண்டும். ரகசியச் சாவியைக் கோடில் வைத்துச் சமாளிப்பது கூடவே கூடாது. எஃப்12 தெரிந்த எவரும் அதை எடுத்துவிடலாம்.

## அறிகுறி 7: லிஸ்ட்டின் தரவு தப்பாக வருகிறது

100 வரிசைதான் வருகிறது: ரெஸ்ட் அழைப்பின் (இணைய முகவரி வழியாகத் தரவு கேட்கும் முறை) இயல்பு அளவு அது. டாப் மதிப்பைக் கூட்டுங்கள், 5000 வரை போகலாம். அதற்கு மேல் பக்கம் பக்கமாகத்தான் எடுக்க வேண்டும்.

'லிஸ்ட் வியூ த்ரெஷோல்ட்' பிழை: 5000 வரிசை தாண்டிய லிஸ்ட்டில் இன்டெக்ஸ் இல்லாத நெடுவரிசையில் வடிகட்டுகிறீர்கள். லிஸ்ட் அமைப்பில் அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் போட்டு, வடிகட்டலில் அதை முதலில் வையுங்கள். லிஸ்ட் சிறிதாக இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

தமிழில் பெயரிட்ட நெடுவரிசை காலியாக வருகிறது: தமிழ் அலுவலகங்களில் அடிக்கடி சிக்கவைப்பது இதுதான். நெடுவரிசையை உருவாக்கும்போது கொடுத்த பெயரிலிருந்து ஷேர்பாயிண்ட் ஓர் உட்பெயரை உண்டாக்குகிறது. கோடில் எழுத வேண்டியது அந்த உட்பெயரை. ஒவ்வொரு தமிழ் யுனிகோடு குறியும் அதில் 7 எழுத்துகளாக விரியும். மொத்த நீளமோ 32இல் வெட்டப்படும். 'பெயர்' என்பதே 5 குறிகள், 35 எழுத்து. அதுகூட முழுதாக நிற்காது. ஒரே மாதிரி தொடங்கும் இன்னொரு நெடுவரிசை வந்தால் கடைசியில் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். உட்பெயர் அடிக்கோட்டில் தொடங்குவதால், ரெஸ்ட்டில் அதன் முன் 'ஓடேட்டா' என்பதும் ஓர் அடிக்கோடும் சேர்ந்துவரும்.

இருக்கும் லிஸ்ட்டுக்கு: நெடுவரிசை அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் முகவரியின் கடைசியில் 'ஃபீல்ட்' மதிப்பாக உட்பெயர் இருக்கும். பிரவுசர் அதை மறுபடி குறியாக்கம் செய்திருக்கலாம். ஆகவே லிஸ்ட்டின் ஃபீல்ட்ஸ் ரெஸ்ட் முகவரியைத் திறந்து 'என்டிட்டி ப்ராப்பர்ட்டி நேம்' மதிப்பை அப்படியே எடுப்பது உத்தமம். புதிய லிஸ்ட்டுக்கு: முதலில் இடைவெளியில்லாத சிறிய ஆங்கிலப் பெயரில் நெடுவரிசையை உருவாக்கிச் சேமியுங்கள், அதன்பின் காட்சிப் பெயரைத் தமிழில் மாற்றுங்கள். பார்ப்பவருக்குத் தமிழ்தான் தெரியும், உட்பெயர் மாறாது.

சேமிக்கும்போது 403: சாதாரண ஃபெட்ச் பயன்படுத்தியிருக்கிறீர்கள், ரிக்வெஸ்ட் டைஜஸ்ட் (எழுதும் அழைப்புக்கு ஷேர்பாயிண்ட் கேட்கும் சரிபார்ப்பு மதிப்பு) போகவில்லை. எஸ்பி ஹெச்டிடிபி கிளையன்ட்டுக்கு மாறினால் அது தானே சேர்த்துக்கொள்ளும். 412 என்றால் நீங்கள் படித்தபின் வேறொருவர் அந்த வரிசையை மாற்றிவிட்டார். இஃப்-மேட்ச் ஹெடரில் நட்சத்திரம் போட்டால் பிழை போய்விடும், ஆனால் அவர் எழுதியது அழியும். மறுபடி படித்துக் காட்டிச் சேமிப்பதே முறை. 429 என்றால் அழைப்புகள் அதிகம். ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் சொல்லும் விநாடிகள் காத்திருந்துதான் அடுத்த அழைப்பு.

## அறிகுறி 8: திரையில் 'இன்வேலிட் ஹூக் கால்'

இரண்டு ரியாக்ட் (திரையை வரையும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) உள்ளே வந்துவிட்டது. எஸ்பிஎஃப்எக்ஸ் 1.18 முதல் 1.21 வரை ரியாக்ட் 17.0.1 மட்டுமே. 18ஐ நிறுவியிருந்தால் இறக்குங்கள். பேக்கேஜ்.ஜேசனில் பதிப்பு எண்ணின் முன் உள்ள கூரைக் குறியையும் (^) எடுங்கள். 'என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்' கொடுத்தால் எந்த லைப்ரரி இரண்டாவதைக் கொண்டுவந்தது என்று தெரியும்.

## அறிகுறி 9: ஷேர்பாயிண்ட்டில் ஓடுகிறது, டீம்ஸில் ஓடவில்லை

சிங்க் டு டீம்ஸ் தோற்கிறது: டீம்ஸ் கோப்புறையில் உள்ள இரண்டு படங்களின் அளவைப் பாருங்கள். வண்ணப் படம் 192க்கு 192 பிக்சல், கோட்டுப் படம் ஒளிபுகும் பின்னணியுடன் 32க்கு 32. முதல் முறை வெற்றி, புதுப்பிக்கும்போது மட்டும் தோல்வி என்றால், டீம்ஸ் அட்மின் மையத்தில் பழைய ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி சிங்க் செய்யச் சொல்லுங்கள்.

லிஸ்ட் இல்லை என்று 404: கோடில் 'நடப்புத் தளம்' என்று நீங்கள் எடுப்பது டீம்ஸில் வேறாகிறது. டீம் சேனலின் டேபில் அது அந்த டீமின் தளம். பிரைவேட் சேனலுக்குத் தனித் தளம். பெர்சனல் ஆப்பாகத் திறந்தால் டெனன்ட்டின் ரூட் தளம். குறிப்பிட்ட ஒரு லிஸ்ட் வேண்டுமென்றால் தள முகவரியை வெப் பார்ட்டின் ப்ராப்பர்ட்டியாக வாங்குங்கள்.

எழுத்து தெரியவில்லை: டார்க் தீமில் நிறங்களைக் கையால் எழுதியதன் விளைவு. 'ஆன் தீம் சேஞ்ட்' தரும் நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷேர்பாயிண்ட்டில் மட்டும் உடைகிறது: டீம்ஸ் எஸ்டிகே அங்கே இருக்காது. பயன்படுத்தும் முன் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு வரி வேண்டும்.

## எப்போது அட்மினையோ மைக்ரோசாஃப்ட்டையோ அழைப்பது

ஏபிஐ ஒப்புதல் கொடுத்தும் 'எஸ்சிபி' வரி மாறவில்லை, ஏபிஐ ஆக்சஸ் பக்கமே பிழை காட்டுகிறது, ஆப் கேட்டலாக் எந்தப் பேக்கேஜையும் ஏற்க மறுக்கிறது, வேறு ப்ராஜெக்ட்களின் வெப் பார்ட்களும் ஒரே நேரத்தில் விழுகின்றன: இவை உங்கள் கையில் இல்லை. முதலில் அட்மினை மைக்ரோசாஃப்ட் 365 சர்வீஸ் ஹெல்த் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுவன டெனன்ட்டில் பழகுகிறவர், ஒரே ஒரு தளத்துக்கான சைட் கலெக்‌ஷன் ஆப் கேட்டலாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேக்கேஜ் பிழையானாலும் அது அந்தத் தளத்தோடு நிற்கும். ஏபிஐ ஒப்புதல் மட்டும் அங்கேயும் டெனன்ட் முழுதுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365 டெவலப்பர் ப்ரோக்ராமின் இலவச சோதனை டெனன்ட் 2024 தொடக்கத்திலிருந்து எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் விஷுவல் ஸ்டுடியோ சந்தா இருந்தால் அந்த வழியாகத் தகுதி உண்டா என்று பாருங்கள்.

டிக்கெட் போடும்போது 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் முதல் பதிலே விவரம் கேட்டுத்தான் வரும். நெட்வொர்க் டேபில் தோற்ற அழைப்பைத் திறந்து, ரெஸ்பான்ஸ் ஹெடரில் ஷேர்பாயிண்ட் என்றால் 'எஸ்பி ரிக்வெஸ்ட் கைடு', கிராஃப் என்றால் 'ரிக்வெஸ்ட்-ஐடி' மதிப்பை எடுங்கள். அதோடு நேரமும் நேர மண்டலமும், பக்க முகவரியும், எஸ்பிஎஃப்எக்ஸ் பதிப்பும், எத்தனை பேருக்கு வருகிறது என்பதும் சேர்ந்தால் போதும். ஹார் கோப்பு (நெட்வொர்க் டேபின் பதிவு) கேட்டால், அனுப்பும் முன் அதிலிருந்து குக்கீகளையும் ஆத்தரைசேஷன் ஹெடரையும் நீக்கிவிடுங்கள்.